ஆறாவது பிடி

பந்தைத் தொடாமலே ஒரு விளையாட்டை வளர்த்த இனம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது நாங்கள்தான். வெள்ளைக்காரன் நூறு வருடத்துக்கு மேலாக றக்பி லீக் விளையாடுகிறான். இன்றுவரை சேறும் வீக்கமும்தான் அவனுக்கு மிச்சம். நாங்கள் அதைக் கையிலெடுத்த இரண்டே வருடத்தில் முப்பத்தொரு நிர்வாகசபை உறுப்பினர், பதினொரு உபகுழு, நான்கு போஷகர், ஒரு கழகக் கீதம் என்று எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். விளையாடுகிறவர்கள் மட்டும் பதின்மூன்று பேர். அது எங்கள் குற்றமில்லை. அந்த விளையாட்டில் அவ்வளவு பேருக்குத்தான் இடம் வைத்திருக்கிறார்கள்.

'வடமேற்கு லண்டன் பிராந்தியத் தமிழர் றக்பி லீக் கழகம்' பிறந்த கதை ஒரு தியாகத்தின் கதை. வெம்பிளியிலும் கிங்ஸ்பரியிலும் ஊருக்கு ஒரு உதைபந்தாட்டக் கழகமும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிரிக்கெட் கழகமும் ஏற்கெனவே இருந்தன. எல்லாவற்றுக்கும் தலைவர்கள் இருந்தார்கள். இருந்தவர்கள் எழும்புவதாக இல்லை. திரு. பத்மநாதன் ஏழு கழகங்களில் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு ஏழிலும் தோற்றவர். வேறு மனிதன் என்றால் வீட்டில் இருந்திருப்பான். அவர் மகளைப் பார்க்க லீட்ஸுக்குப் போன இடத்தில் தொலைக்காட்சியில் றக்பி லீக்கைப் பார்த்தார். பார்த்துவிட்டு மருமகனிடம் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு எங்கட ஆக்களில ஆரும் தலைவர் இருக்கினமோ?" என்பதுதான். இல்லை என்று தெரிந்தது. அந்த இடத்திலேயே கழகம் உருவாகிவிட்டது.

அங்குரார்ப்பணக் கூட்டம் வெம்பிளியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் நடந்தது. மட்டன் ரோல் உண்டு என்று கேள்விப்பட்டு வந்தவர்களில் கஸ்பரும் ஒருவர். மன்னார் ஆள், எழுபத்தொரு வயது. எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். எண்பத்தொன்பதில் இந்த நாட்டுக்கு வந்து, வேக்ஃபீல்டில் ஒரு கம்பளத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் ஷிப்ட் செய்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் கூட வேலை செய்த வெள்ளைக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போய் றக்பி லீக் பார்க்க விடுவார்கள். ஆகவே அந்த ஆட்டத்தின் சட்டம் முழுக்க அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலமும் அவர் அங்கேதான் படித்தார். எல்லைக்கோட்டில் நின்று நடுவரைக் கெட்ட வார்த்தையில் பேசுகிறவர்களிடம் படித்த ஆங்கிலம் என்றபடியால் அதை வேறு இடங்களில் பாவிக்க முடியாமல் இருந்தது.

கஸ்பருக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. ஒருவரையும் நம்பமாட்டார். நம்பாததோடு நிற்காமல் எண்ணவும் செய்வார்.

கூட்டத்தில் கழகத்தின் சட்டதிட்டமான யாப்பு வாசிக்கப்பட்டது. தலைவரின் பதவிக்காலம் இரண்டு வருடம், 'கழக நலன் கருதி' நீடிக்கலாம் என்ற வரிக்குப் பெரிய வரவேற்புக் கிடைத்தது. அப்போது கஸ்பர் வாயிலிருந்த ரோலை விழுங்கிவிட்டு, ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் விளையாடுவது என்று கேட்டார். தலைவர் பதினொன்று என்றார். செயலாளர் நவரத்தினம் அவருடைய காதுக்குள் ஏதோ சொல்ல, பதினைந்து என்று திருத்தினார்.

"பதின்மூண்டு," என்றார் கஸ்பர். "நீங்கள் சொல்லுறது முதல்ல உதைபந்து, பிறகு சொன்னது மற்ற வகை றக்பி. உது வேற, இது வேற."

எண்ணிக்கையைப் பற்றி ஆராய ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. சரி, வந்தது வந்துவிட்டார், ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்று விட்டார்கள். கஸ்பர் எழுந்து நின்று சொன்னார்:

"பந்தோட ஓடுறவனை மற்றவங்கள் பிடிச்சு விழுத்துவாங்கள். விழுந்தவன் எழும்பி, பந்தைக் காலால பின்னுக்குத் தட்டிவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். ஆனா ஆறு தரம்தான். ஆறாந்தரம் பிடிபட்டா, பந்தை மற்றப் பக்கத்துக்குக் குடுத்துப்போட்டு ஒதுங்கோணும்."

"குடுக்காட்டி?" என்று தலைவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"குடுக்காட்டி அது றக்பி லீக் இல்லை."

தலைவர், இது நல்ல விளையாட்டுத்தான், ஆனால் சில சட்டங்கள் எங்கள் பண்பாட்டுக்கு ஏற்றதாக இல்லை என்று கருத்துத் தெரிவித்தார். பலத்த கரகோஷம். கஸ்பர் மேசைக்குக் கீழே சுண்டுவிரலை மடக்கினார். பதினொன்று என்று சொல்லி அகப்பட்டது முதல் பிடி.

கவுன்சில் கிங்ஸ்பரியில் ஒரு மைதானம் கொடுத்தது. கஸ்பர் அதைப் போய்ப் பார்த்தார். நெருஞ்சி இல்லை, கல் இல்லை, நடந்தால் கால் புதைகிற புல். அன்றிலிருந்து அவர் சனிக்கிழமைகளில் கோடு போடுகிற தள்ளுவண்டியும் சுண்ணாம்புமாக அங்கேயே கிடந்தார். பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தவன் றொஜன். இருபத்தாறு வயது, பஸ் ஓட்டுகிறவன். சனிக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தான் என்று கேள்விப்பட்ட தாய் ஒரு மாதம் அவனோடு கதைக்கவில்லையாம். கஸ்பர் அவனை அணித்தலைவன் ஆக்கினார். நிர்வாகசபை அறிக்கையில் கஸ்பரின் பதவி 'மைதான உதவி' என்று இருந்தது. பயிற்சியாளர் பதவிக்குச் சான்றிதழ் வேண்டும். வேக்ஃபீல்டில் அதைக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

கழகத்தின் முதல் பந்து விளையாட்டுப் பழக்கத்துக்கு வரவில்லை. அது தலைவர் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடி அலுமாரிக்குள், சந்தனப் பொட்டு வைத்து, பிளாஸ்டிக் மாலையோடு இருந்தது. றொஜன் போய்க் கேட்டான். தலைவர் அவனுக்குத் தேநீர் கொடுத்து, அது 'ஸ்தாபகப் பந்து' என்றும், போட்டி நாட்களில் தானே கொண்டுவந்து தானே கொண்டுபோவதாகவும் சொல்லி அனுப்பினார். போட்டிக்குப் பந்து கொடுக்க வேண்டியது மைதானக்காரர்; எங்களிடம் இருந்த சரியான பந்து அது ஒன்றுதான். பிள்ளைகள் பழைய சாமான் விற்கிற கடையில் வாங்கிய ஒரு பந்தோடு பழகினார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதற்குக் காற்றடிக்க வேண்டும். காற்றடிக்கிற நேரத்தில் பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். இதைத் தலைவர் 'விஞ்ஞானபூர்வமான பயிற்சி முறை' என்று ஆண்டறிக்கையில் எழுதினார். இரண்டாவது விரலும் மடங்கியது.

பிறகு சீருடை வந்தது. முப்பத்தொன்று. எல்லாம் நிர்வாகசபையின் இடுப்பளவுக்கு. முதுகில் தலைவரின் படம். விளையாடுகிறவர்களுக்கு அடுத்த தவணையில் வரும் என்றார்கள். "அங்கிள், அவங்கள் போட்டிருக்கிறதைப் பார்த்தா நாங்கள் ஆடியன்ஸ் மாதிரி இருக்கிறம்," என்றான் றொஜன். கஸ்பர் மூன்றாவது விரலை மடக்கிக் காட்டினார்.

முதல் வருடம் பழக்கத்தோடு போயிற்று. இரண்டாம் வருடம் முதல் போட்டியில் எழுபத்துநான்குக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். எதிரணி தன் முழுத் திறமையையும் வெளிப்படுத்த எங்கள் கழகம் வாய்ப்பளித்தது என்று முகநூலில் வந்தது. இரண்டாவதிலும் தோல்வி. மூன்றாவது போட்டியில், ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்க, றொஜன் இரண்டு பேரை உதறிவிட்டுப் போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்தான். அந்த ஆட்டத்தில் அதுதான் புள்ளி. வெற்றி. கஸ்பர் கோட்டருகே நின்று வேக்ஃபீல்ட் ஆங்கிலத்தில் ஏதோ கத்தினார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் தன் பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

அந்த வாரம்தான் கவுன்சிலின் கடிதம் றொஜனின் கையில் அகப்பட்டது. அது வந்து எட்டு மாதம். செயலாளர் நவரத்தினம் அதன் முதல் பக்கத்தை மூன்று கூட்டங்களில் வாசித்திருந்தார். அதில் பாராட்டு இருந்தது. இரண்டாம் பக்கத்தை றொஜன் வாசித்துக் கஸ்பருக்குச் சொன்னான். இந்தப் பருவத்துக்குள் நான்கு போட்டிகள் இதே மைதானத்தில் ஆடி முடித்தால் பத்து வருடத்துக்கு மைதானம் கழகத்துக்கு. மூன்றோடு நின்றால் திரும்ப எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருந்தது ஒரேயொரு போட்டி.

கஸ்பர் தலைவர் வீட்டுக்கே போய் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். மறைக்கவில்லை, உறுப்பினர்களின் மனம் நோகக்கூடாது என்று 'பாதுகாத்து' வைத்ததாகத் தலைவர் சொன்னார். நாலாவது பிடி. தலைவரின் இரண்டு வருடமும் முடிகிறதே, கூட்டம் எப்போது என்றும் கஸ்பர் கேட்டார். கழக நலன் கருதிப் பதவிக்காலம் போன வெள்ளிக்கிழமை நீடிக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தது. நலனைக் கருதியவர் தலைவரேதான். ஐந்து விரலும் மடங்கிவிட்டன. கஸ்பர் கைமுட்டியைப் பார்த்தார், பிறகு அதைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நாலாவது போட்டியும் கழகத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவு விழாவும் ஒரே நாளில் வைக்கப்பட்டன. செப்டெம்பர் மாதத்து ஞாயிறு, பின்னேரம் இரண்டு மணி. கோல்கம்பக் கோட்டிலேயே பந்தல் போட்டிருந்தார்கள், அங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று. ஆட்டம் தொடங்கியதும் அதைக் கழற்றிவிடுவதாகச் சொன்னார்கள். நிகழ்ச்சிநிரல் அச்சிட்டிருந்தது. மங்கல விளக்கேற்றல், தேவாரம், அகவணக்கம், கழகக் கீதம், வரவேற்புரை, நான்கு ஆசியுரை என்று போய், பதினான்காவது அம்சமாக, கொஞ்சம் சின்ன எழுத்தில், 'நேரமிருப்பின்: போட்டி' என்று இருந்தது.

ஹேர்ட்ஃபட்ஷயர் பக்கமிருந்து வந்த எதிரணி உடுப்பு மாற்றி வரிசையாக நின்றது. நடுவர் ஒரு மெல்லிய மனிதர். ஐந்து மணிக்கு அவருக்கு வேறொரு இடத்தில் ஆட்டம். மூன்று மணிக்குள் தொடங்காவிட்டால் போட்டி இல்லை, புள்ளி வெளியிலிருந்து வந்த அணிக்கு என்று றொஜனிடம் சொன்னார். றொஜன் கஸ்பரிடம் சொன்னான். கஸ்பர் செயலாளரிடம் சொன்னார். செயலாளர் அதை ஒலிவாங்கியில் அறிவித்து, நடுவருக்கு நன்றி தெரிவித்தார்.

குத்துவிளக்கு ஏழு திரி. காற்று. தலைவர் ஏற்றிய திரி அணைந்தால், பதவித் தரப்படி அவர்தான் திரும்ப ஏற்ற வேண்டும்; அவருக்கு முன்னால் மற்றத் திரிகள் எரிந்துகொண்டிருப்பது அழகில்லை என்று அவற்றையும் அணைத்துவிட்டுத் தொடங்கினார்கள். இப்படி நாலு முறை. எதிரணிப் பயிற்சியாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் நல்ல மனிதர். நன்றி சொல்லி அதால் முகத்தைத் துடைத்தார். போஷகர்கள் நால்வரும் ஆசி வழங்கி முடிக்க இரண்டே முக்கால். பதின்மூன்று பிள்ளைகளும் குளிரில் துள்ளிக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு ஐம்பதுக்குத் தலைவர் தலைமையுரைக்கு எழுந்தார். ஒரு கையில் ஒலிவாங்கி. மற்றக் கையிடுக்கில் மாலையோடு பந்து.

மேடை என்பது புல்லில் விரித்த சிவப்புக் கம்பளம்தான்; கஸ்பர் அதனடிக்குப் போனார். "தலைவர், பத்து நிமிசம் கிடக்கு. பந்தைத் தாங்கோ. நீங்கள் பேசுங்கோ, பெடியள் விளையாடட்டும்."

"கஸ்பர் அண்ணை அவசரப்படுறார்," என்று தலைவர் ஒலிவாங்கியில் சொல்ல, சனம் சிரித்தது. "அண்ணை, இது நேற்று வந்த ஆட்டம். எங்கட பாரம்பரியம் எத்தினை ஆயிரம் வருசம். அதைவிட்டிட்டுப் பந்துக்குப் பின்னால ஓடேலுமே?"

"உங்களை ஆரும் ஓடச் சொல்லேல்லை. குடுக்கத்தான் சொன்னது."

தலைவர் இளைஞர்களே எங்கள் எதிர்காலம் என்று தொடர்ந்தார். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றுக்கு மூன்று நிமிடம். றொஜன் கஸ்பரைப் பார்த்தான். 

கஸ்பர் தொப்பியைக் கழற்றிப் புல்லில் வைத்தார். பத்தடி பின்னுக்குப் போனார். பிறகு, எழுபத்துமூன்று வயதில், வேக்ஃபீல்டில் பதினொரு வருடம் பார்த்ததை ஒருமுறை செய்தார். தலை பக்கவாட்டில், தோள் விலாவுக்குக் கீழே, இரண்டு கையும் சுற்றி. சட்டப்புத்தகத்தில் படமாகப் போடக்கூடிய பிடி. தலைவர் சிவப்புக் கம்பளத்தில் மெதுவாக, ஒரு காயமுமில்லாமல் சரிந்தார்.

"ஆறு," என்றார் கஸ்பர், மேலே கிடந்தபடி. "குடுங்கோ."

தலைவர் ஒலிவாங்கியை விட்டுவிட்டார். பந்தை விடவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இது சமூகத்தின்ர சொத்து. என்னை நம்பித்தான் தந்திருக்கினம்," என்றார். விழுந்து கிடந்த ஒலிவாங்கியில் அது நன்றாகக் கேட்டது. சனம் இதுதான் றக்பி லீக் செய்துகாட்டல் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டல் ஓய மூன்று மணி ஒரு நிமிடம். நடுவர் ஒரேயொரு முறை விசில் ஊதிவிட்டுக் காரைத் தேடிப் போனார்.

மைதானம் போயிற்று. அடுத்த கிழமை கோல்கம்பங்களைப் பிடுங்கி லொறியில் ஏற்றினார்கள். கஸ்பர் சுண்ணாம்பு வண்டியைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகளில் இரண்டு பேர் எதிரணியில் சேர்ந்தார்கள். றொஜன் சனிக்கிழமை ஓவர்டைமுக்குத் திரும்பினான்.

கழகம் தளரவில்லை. மைதானமும் விளையாட்டுக்காரரும் என்ற இரண்டு தொல்லைகளும் நீங்கியபடியால் இனி முழுக்கவனத்தையும் வளர்ச்சியில் செலுத்தலாம் என்று பொதுக்கூட்டத்தில் தலைவர் சொன்னார். ஆண்டின் சிறந்த வீரர் விருது, விழுத்திய பிறகும் பந்தை விடாத ஒரே ஆட்டக்காரர் என்ற காரணத்தால், ஏகமனதாக அவருக்கே வழங்கப்பட்டது.

கடைசி அம்சம் ஒழுக்காற்று விசாரணை. கஸ்பர் விளக்கம் சொல்ல அழைக்கப்பட்டார். எழுந்து நின்று மண்டபத்தை ஒருமுறை பார்த்தார். முன்னூறு பேர் இருக்கும்.

"ஆறு பிடியும் நான் சரியாத்தான் பிடிச்சன்," என்றார். "ஆனா பந்தைக் குடு எண்டு சொல்லுறது பிடிச்சவன் இல்லை, நடுவர். அண்டைக்கு வந்த வெள்ளைக்காரன் இதுக்கு நடுவர் இல்லை. நடுவர் நீங்கள். விசில் உங்கட வாயில கிடந்தது. நீங்கள் கைதட்டிக்கொண்டிருந்தனீங்கள்."

மண்டபம், நல்ல பேச்சு என்று, அதற்கும் கைதட்டியது.