வீட்டுக்குள் வந்த பள்ளிக்கூட மொழி

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் நலம், மகளின் வலது கைக் கட்டை அவிழ்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்பதைத் தவிர. அக்காவிடம் பக்குவமாகச் சொல்லவும்.

மகள் வாசிப்பில் பின்தங்குகிறாள், வீட்டிலும் பள்ளிக்கூட மொழியிலேயே பேசுங்கள் என்று அவளுடைய டீச்சர் சீட்டு அனுப்பியதையும், நீங்களும் போனில் "நம்ம மொழி எங்க மாப்ள ஓடிப்போகப் போகுது, பிள்ள முதல்ல தேறட்டும்" என்றதையும் மதித்து, மறுநாள் காலையிலேயே நம் மொழிக்கு வீட்டில் தடை போட்டேன். அங்கேதான் அத்தான் வினை ஆரம்பித்தது. பதினாலு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் நான். இந்த ஊர் மொழியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் லிஃப்டுக்குள் எழுதியிருப்பதும் சூப்பர்வைசர் கத்துவதும்தான். அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினேன். மகள் வாசலில் நின்றால் "கதவருகே நிற்காதீர்கள்" என்பேன், யாராவது என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்க வந்தால் "அதிக எடை" என்பேன். வீட்டுக்காரிக்கோ தையல் கடையில் பொறுக்கிய அளவுச் சொற்கள்தான். என்மேல் கோபம் வந்தால் "இறுக்கம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வாள். மகள் முதலில் எங்களைத் திருத்தினாள், பிறகு சிரித்தாள், அப்புறம் நான் உள்ளே நுழைந்தாலே வாயை மூடிக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

போன செவ்வாய்க்கிழமை மகள் பள்ளி மாடிப்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். வேலை உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வராந்தா பெஞ்சில் டீச்சர் மேல் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். டீச்சர் முன்னால் நம் மொழியில் பேசலாமா என்ற தயக்கம் வேறு. பள்ளிக்கூட மொழியில் பிள்ளையைத் தேற்ற என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, லிஃப்ட் நடுவழியில் நின்றால் ஸ்பீக்கரில் வருவது. "பதற்றப்பட வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்தி, நம் மொழியில் கேட்டாள்: "நீதான் வந்துட்டியே, இன்னும் யாருப்பா வரணும்?"

அத்தான், அப்படியே தரையில உட்கார்ந்து அவளைக் கட்டிக்கிட்டு, பதினொரு வாரமா அடைச்சு வெச்சிருந்ததையெல்லாம் நம்ம மொழியில கொட்டினேன். கட்டுப் போட்டு முடிக்கிற வரைக்கும் நிறுத்தல. அப்புறம் டீச்சர்கிட்ட அவங்க மொழியிலேயே, தப்பும் தவறுமா சொல்லிட்டேன்: "உங்க மொழியில எனக்கு வேலை பாக்கத் தெரியும் டீச்சர். அப்பாவா இருக்கத் தெரியல." அவங்க, வாசிப்பை நான் பாத்துக்கறேன், சாயங்காலம் அரைமணி நேரம் கூட உட்கார்றேன், வீட்ல உங்களுக்கு வர்ற மொழியில பேசுங்கன்னாங்க.

ஆகவே தங்கள் யோசனையை இத்துடன் கைவிடுகிறேன் என்பதையும், குழந்தையைப் பதினொரு வாரம் நம் மொழி இல்லாமல் தவிக்கவிட்ட பாவி நான் என்பதையும் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் நல்லபடி வளரட்டும்.

இப்படிக்கு,
மைத்துனன்

பி.கு.: இதை வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். குழந்தை எங்கே தவித்தது என்று கேட்கிறாள். நான் வேலைக்குக் கிளம்பியதுமே அம்மாவும் மகளும் நம் மொழியில் கதையளக்க ஆரம்பித்து, படியில் என் செருப்புச் சத்தம் கேட்டால்தான் நிறுத்துவார்களாம். பதினொரு வாரமும் இந்த வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல் இருந்தது நான் ஒருத்தன்தானாம்.