செவுத்தக்காவும் கிளிப் இல்லாத பெடலும்

திண்டுக்கல்லில் செவுத்தக்காவின் கால் தரையில் பட்டதைப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. பார்த்ததாக யாராவது சொன்னால், அவர் வேறு யாரையோ பார்த்திருக்க வேண்டும்.

முதலில் அந்தப் பெயர். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிபோன புதிதில், எல்லாரும் 'செவத்தக்கா' என்று சொல்வதாகத்தான் என் காதில் விழுந்தது. நல்ல சிவப்பாக ஓர் அக்காவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் என்னைவிடக் கறுப்பு. கேலி செய்கிறார்களோ என்று சங்கடப்பட்டேன். பிறகுதான் புரிந்தது, அது செவத்தக்கா இல்லை, செவுத்தக்கா. செவுத்தை, அதாவது சுவரை, பிடித்துக்கொண்டு நிற்கிற அக்கா.

அவர் காப்பீட்டு முகவர். அவருடைய வாகனம் ஒல்லி டயர் போட்ட ரோடு பைக். அவர் ஷூவின் அடியில் ஒரு கட்டை திருகியிருக்கும். அது பெடலில் பூட்டிக்கொள்ளும். அதனாலோ என்னவோ, சைக்கிளை நிறுத்தினால் காலை ஊன்ற மாட்டார். யார் வீட்டுச் சுற்றுச்சுவரையாவது ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே பேசுவார். மோர் கொடுத்தால் அப்படியே குடிப்பார். விபத்துக் காப்பீட்டின் அருமை பெருமைகளையும் அப்படியே, முழங்கையில் பிளாஸ்திரியோடு, எடுத்துச் சொல்வார்.

சுவர் இல்லாத இடத்தில் கைக்குக் கிடைத்ததைப் பிடிப்பார். ஒருமுறை தக்காளி வண்டியைப் பிடித்தபடி பேரம் பேசியிருக்கிறார். கட்டுப்படியாகாது என்று வண்டிக்காரர் தள்ளிக்கொண்டு கிளம்ப, அக்காவும் கூடவே உருண்டு போய், அடுத்த தெருவில் பேரத்தை முடித்துக்கொண்டு திரும்பினார். இன்னொருமுறை சிக்னலில் நின்ற வத்தலக்குண்டு பஸ்ஸின் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்திருக்கிறார்.

"ஏக்கா, ஏறுறியா, விடுறியா?" என்று கண்டக்டர் கேட்டாராம்.

"செத்த இருப்பா. சிக்னல் விழவும் விட்டுறேன்."

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி வரும்வரை.

பாப்பா பிறந்த பிறகு நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவளாகிவிட்டேன். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். மூடியிருந்ததா என்று மறுபடி சந்தேகம் வரும். கல்லூரி நாட்களில் சைக்கிளில் பறந்தவள் இப்படி ஆகிவிட்டாளே என்று என் கணவர் ரோடு பைக் ஒன்றை வரவழைத்தார். பெட்டியைப் பிரித்தோம். எல்லாம் இருந்தது. பெடல் மட்டும் இல்லை.

"ஏம்மா, மிதிக்கிற கட்டையக் காணோமே. ஏமாத்திப்புட்டான் போல," என்றார் என் மாமியார்.

"இந்த மாதிரி சைக்கிளுக்குப் பெடல் நம்மதான் தனியா பாத்து வாங்கணுமாம், அத்தை."

"சீட்டு இருக்கே, அது நம்மளதுதானா? திரும்பக் கேக்க மாட்டானே?"

பெடல் எது என்று முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கத்தரிக்காய் எடுக்கவே பத்து முறை யோசிப்பவள் நான். பூட்டுகிற பெடல் என்றால், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கால் விடுபடுமாம். திருப்ப மறந்தால்? அப்படியே சாய வேண்டியதுதான். சாய்ந்து கை ஒடிந்தால் பாப்பாவை யார் தூக்குவார்கள்? அவள் என் இடது தோளில் போட்டால்தான் தூங்குவாள். வலது தோள்கூட ஆகாது.

எங்கள் சுவரைப் பிடித்தபடி செவுத்தக்கா யோசனை சொன்னார்.

"ஷூவுக்கு அடியில வர்ற கட்டைக்கு மூணு திருகு வச்சதா வாங்கும்மா. காலு கெட்டியா நிக்கும்."

இரண்டு நாள் கழித்து அதே சுவர், அதே அக்கா.

"ரெண்டு திருகே போதும்மா. அதுலதான் நடக்கத் தோதுப்படும்."

"முந்தாநாள் மூணுன்னீங்களே அக்கா?"

"முந்தாநாள் நல்ல காத்து."

காற்றுக்கும் திருகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதற்குள் சுவரை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

குழம்பிப்போய் ஃபோனில் தேடியபோது ஒரு சொல் கண்ணில் பட்டது. கிளிப்லெஸ். மனதுக்கு இதமாக இருந்தது. சுகர்லெஸ் என்றால் சர்க்கரை இல்லாதது. கிளிப்லெஸ் என்றால் கிளிப் இல்லாதது. மாட்டாது, விழ மாட்டோம். இவ்வளவு நல்ல பொருளை அக்கா ஏன் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டே, பொருத்தமான ஷூவோடு சேர்த்து ஆர்டர் போட்டேன். வந்ததைப் பார்த்து அக்கா பாராட்டினார்.

"நல்லா இறுக்கிப் பூட்டுறதாப் பாத்து வாங்கியிருக்க."

"பூட்டுமா? கிளிப் இல்லாததுன்னுல்ல போட்டிருந்துச்சு?"

"அந்தக் காலத்துல பெடலு மேல கூண்டு மாதிரி ஒண்ணு வச்சு வாரு போட்டுக் கட்டுவாங்க. அதுக்குப் பேருதான் கிளிப்பு. இதுல அந்தக் கூண்டு இல்லைல்ல, அதான் கிளிப்லெஸ்."

"ஆனா காலு மாட்டும்?"

"மாட்டும்."

"மாட்டுறதுக்குப் பேரு மாட்டாததா அக்கா?"

"கழட்டிட்டா மாட்டாதுல்ல," என்றார் அக்கா. அந்தப் பதிலை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திருப்பி அனுப்புவதாகத்தான் இருந்தேன். "நான் கூட வாரேன், அம்புட்டு பயமா இருந்தா என் தோளப் பிடிச்சுக்க," என்று அக்கா சொன்னதில் மனம் மாறியது. ஒரு ஞாயிறு காலை, பாப்பாவை மாமியாரிடம் விட்டுவிட்டு, சாணார்பட்டி ரோட்டில் கிளம்பினோம். காற்று முகத்தில் அடித்தது. கேஸ் ஞாபகம்கூட வரவில்லை. இருபுறமும் சம்பங்கித் தோட்டங்கள். எவ்வளவு தூரத்துக்கும் ஒரு சுவர்கூட இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது.

"அக்கா, நிறுத்தணும். தோளக் குடுங்க."

"என் தோளா? நான் உன் தோளப் பிடிக்கலாம்னுல்ல இருந்தேன்."

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தோம். ஒரு நொடி நேராக நின்றோம். பிறகு, ஒருவரை ஒருவர் விடாமல், தோட்டத்து வாய்க்கால் சேற்றில் மெதுவாகச் சாய்ந்தோம்.

பூப்பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். "காலக் கட்டிக்கிட்டு யாருத்தா ஒங்கள சைக்கிள் ஓட்டச் சொன்னது?" என்று ஒருவர் கேட்டார். நான் முதலில் இடது கையை அசைத்துப் பார்த்தேன். அசைந்தது. விழுந்ததில் என் கால்கள் தாமாகவே கழன்றிருந்தன. அக்கா மட்டும் சைக்கிளோடு கிடந்தார்.

"குதிகாலத் திருப்புங்கக்கா."

"திருப்ப வந்தா நான் ஏம்மா ஊருச் செவரயெல்லாம் பிடிச்சுக்கிட்டுத் திரியுறேன்?"

அவர் காலை ஷூவிலிருந்து உருவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. அவர் வீட்டில் நிற்கிற சைக்கிளில் ஷூக்கள் எப்போதும் பெடலிலேயே பூட்டிக்கிடக்கும். அதை நான் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். வெறுங்காலோடு அக்கா சேற்றில் நின்றார். ஆக, நான் எழுதிய முதல் வரி பொய்யாகிறது. ஆனாலும் அந்த வரியை அடித்துவிட மனமில்லை.

"பெறகு ஏங்கா இந்தப் பெடலு? சாதாரணப் பெடலு போட்டுக்கிறலாம்ல?"

அக்கா பாதத்துச் சேற்றை வழித்துக்கொண்டே சொன்னார். "மொத நாளு கழட்ட வரல. பயந்துபோயி ஒரு வீட்டுச் செவரப் பிடிச்சேன். உள்ள இருந்த அம்மா எட்டிப் பாத்து, மோரு குடிக்கிறியான்னு கேட்டுச்சு. அதுவரைக்கும் அந்தத் தெருவுல எனக்கு ஒருத்தரயும் தெரியாது. பெறகு கழட்டி என்ன செய்ய?"

அன்று மாலை பாப்பா இடது தோளில் தூங்கினாள். நான் மறுபடியும் பெடல் தேடினேன். ஒருபக்கம் பூட்டு, மறுபக்கம் வெறும் தட்டை என்று ஒன்று இருக்கிறது. எனக்கென்றே செய்தது. வாங்கி மாட்டினேன். எந்தப் பக்கம் வேண்டுமோ அது எப்போதும் கீழேதான் இருக்கிறது. ஆனாலும் ஞாயிறுதோறும் போகிறோம்.

இந்த வருடம் வீடு மாற வேண்டி வந்தது. கணவர் எல்லா வீட்டிலும் தண்ணீர் வருமா என்று கேட்டார், மாமியார் அடுப்படியைப் பார்த்தார். மூன்றாவது வீட்டின் வாசலிலேயே, உள்ளே போகாமல், இதுதான் என்று சொல்லிவிட்டேன். நான் இவ்வளவு சீக்கிரம் எதையும் முடிவு செய்து அவர்கள் பார்த்ததில்லை. சுற்றுச்சுவர் குட்டையாக இருக்கிறது, மேலே கண்ணாடிச் சில்லாவது பதிக்கலாம் என்றார் கணவர்.

வேண்டாம் என்றேன். பிடிக்கிறவர் கை கிழிந்துவிடும்.