சும்மாவும் ஓட்டணும், பந்தயமும் விடணும்

மனிதர்களில் 'ரெண்டுக்கும் ஆகணும்' என்று ஓர் இனம் உண்டு. தேடிப் போகவேண்டிய அவசியமில்லை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும். வாங்காது. போகவும் போகாது. கடைக்காரர் விளக்கை அணைத்தால்தான் நகரும். மழைக்கும் வெயிலுக்கும் ஆகிற செருப்பு, கல்யாணத்துக்கும் காய்கறி வாங்கவும் ஆகிற சட்டை, உட்காரவும் படுக்கவும் ஆகிற சோபா என்று, உலகத்தில் உள்ள எந்தப் பொருளும் இரட்டை வேலை பார்த்தே தீரவேண்டும் என்பது இந்த இனத்தின் கொள்கை. இப்படி வாங்கின சோபாவில் யாராவது நிம்மதியாக உட்கார்ந்ததுண்டா? படுத்ததுண்டா? அதைப் பற்றி இவர்களிடம் பேசக்கூடாது. பேசினால் அந்த சோபாவை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை ஆதியோடந்தமாகக் கேட்கவேண்டி வரும்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சியடைந்த ஒருவரைக் காட்டுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண் பரிசோதனையும் அவரே செய்வார். இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, மூக்கின்மேல் அந்தக் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைச் செருகி "இது தெளிவா இருக்கா?" என்பார், எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகி "இல்ல, இது தெளிவா இருக்கா?" என்பார். வந்தவர் கொஞ்சம் இழுத்தால் போதும், பொறுமை போய்விடும். "ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார், வெளிய ஆள் காத்திருக்கு" என்று அதட்டுவார். பிறர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தாமதிப்பதை அவரால் தாங்கவே முடியாது.

இவருக்கு நைட்ரோ வண்டி ஆசை வந்தது மச்சினனால். மனைவியின் தம்பி, லிப்டு பழுதுபார்க்கிற வேலை. அவன் ஒருநாள் கையில் தூக்கி வருகிற அளவில் ஒரு குட்டி வண்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். பாட்டரி பொம்மை இல்லை. உள்ளே நிஜ எஞ்சின். அதற்கென்று நைட்ரோ என்கிற தனி எரிபொருள், தனிப் புகை, தனி வாசனை. கையில் இருக்கும் ரிமோட்டின் விசையை அழுத்தினால் 'வீல்' என்று அலறிக்கொண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பிளந்த வாய் மூடுவதற்குள் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். எதைப் பார்த்து இதை வாங்கினாய் என்று மச்சினனைக் கேட்டார். கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது இதுதான் என்றான் அவன். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன்பிறகு ஆராய்ச்சி தொடங்கியது. நைட்ரோ உலகத்தில் இரண்டு கட்சி. சும்மா ஓட்டுகிற கட்சி, பெரிய சக்கரம் வைத்த மான்ஸ்டர் டிரக்கை வாங்கச் சொல்லும். புல், கல், சரளை, வாசற்படி எல்லாம் ஏறும். ஆனால் பந்தயத்தில் முதல் வளைவிலேயே குப்புறக் கவிழும். பந்தயக் கட்சி, தரையோடு தரையாகப் பதுங்கி ஓடும் பக்கி என்கிற வண்டியை வாங்கச் சொல்லும். வளைவில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பூங்காவில் விட்டால் புல்லில் வயிறு மாட்டிக்கொண்டு நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் டிரக்கி என்று ஒன்று இருக்கிறது. அட, அதுதானே இவருக்கு வேண்டியது என்பீர்கள். இவரும் அப்படித்தான் நினைத்து ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. இரண்டுக்கும் ஆகும் என்றால், இரண்டிலும் பாதிதானே ஆகும்? அந்தச் சந்தேகத்தோடு பழையபடி ஆரம்பத்துக்கே போய்விட்டார்.

வண்டி இன்னதென்று முடிவாகவில்லையே தவிர, மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது. எரிபொருள் டப்பா, ஊற்றுகிற குப்பி, எஞ்சினைக் கிளப்பும் பிளக்கைச் சூடாக்குகிற கருவி, எஞ்சின் எத்தனை சூடு என்று தூரத்திலிருந்தே காட்டுகிற துப்பாக்கி, சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கிவைக்க ஒரு மரப்பலகை. வண்டி இல்லாததால் அந்தத் துப்பாக்கியால் சட்னி, சுவர், தூங்குகிற மனைவியின் நெற்றி எல்லாவற்றின் சூட்டையும் அளந்தார். மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். வாயைத் திறந்துகொண்டு அலறுகிறவர்களைத் தினமும் பார்த்துப் பழகியவள். அதனால் பொறுத்துக்கொண்டாள்.

பொம்மை வண்டிக் கடைக்காரர்தான் பாவம். இவர் படியேறுவதைக் கண்டாலே டீ குடிக்கப் பின்பக்கம் போய்விடுவார். ஒருநாள் தப்ப முடியாமல் மாட்டிக்கொண்டவர், சார், வண்டியை எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டார். தெருவிலும் ஓட்டுவேன், மைதானத்தில் பந்தயமும் விடுவேன் என்றார் இவர். சரி, முதலில் எங்கே என்றார் கடைக்காரர். கண்ணாடிக்காரர் ஓர் உண்மையான மனிதர். தெரியாத கேள்விக்குப் பொய்ப் பதில் சொல்லமாட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதற்குள் ஓர் அதிசயம் நடந்தது. வண்டியே இல்லாத இவர், வண்டி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஆலோசகர் ஆகிவிட்டார். மரச்சாமான் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் மண் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பந்தயம் நடக்கும். இவர் முதல் ஆளாகப் போய் நிற்பார். உன் டயர் சரியில்லை, உன் ஸ்பிரிங் மென்மை, உனக்கு எரிபொருள் அதிகம் போகிறது, நீ இதை வாங்கியே இருக்கக்கூடாது என்று ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொல்லிக்கொண்டே வருவார். சொன்னவை பாதிக்குமேல் சரியாகவும் இருந்தன. அதுதான் எல்லாருக்கும் ஆத்திரம். அவர் வாழ்க்கையில் வேறு எங்கேயும் அப்படி அவர் பேச்சை நின்று கேட்டவர்கள் கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் எழுத்தைப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், வீட்டில் சோபா விஷயத்துக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. அந்த மைதானம் அவருக்கு உயிர்.

அந்த உயிரில்தான் மச்சினன் கைவைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கவிழ்ந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, நான் அன்றைக்கே சொன்னேன் என்று இவர் ஆரம்பித்தார். அவன் வண்டியை மேசைமேல் வைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி நிதானமாகச் சொன்னான்.

"மாமா, அடுத்த மாசக் கடைசிப் பந்தயத்துக்கு ஒரு வண்டியோட வாங்க. வந்து ஒரே ஒரு சுத்து சுத்துங்க, போதும். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் நான் கை கட்டிக் கேக்கறேன். சுத்தலைன்னா, இந்த மைதானத்துல இனிமே நீங்க வாயே திறக்கக்கூடாது."

மைதானமே கைதட்டியது. சரி என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. தோற்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பேசாமல் இருக்கவேண்டுமே என்பதுதான் கவலை.

இந்தமுறை மனைவியும் கூடவே கடைக்கு வந்தாள். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார். கண்ணாடிக்காரர் இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், மறுபடி இதைப் பார்த்தார். மற்ற வாடிக்கையாளர்கள் வந்து, வாங்கி, போய்க்கொண்டிருந்தார்கள். மனைவிக்குக் கால் கடுத்தது. கடைசியில் அவள் முன்னால் வந்து, தன் உள்ளங்கையால் அவருடைய ஒரு கண்ணை மூடினாள்.

"இது தெளிவா இருக்கா?"

"இருக்கு."

மறு கண்ணை மூடினாள். "இது?"

"அதுவும் இருக்கும்மா."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார். வெளிய ஆள் காத்திருக்கு."

தொழில் பழக்கம் யாரை விட்டது? அந்த அதட்டலைக் கேட்டதும் கை தானாக நீண்டு ஒரு பெட்டியைத் தொட்டது. அவர் கையை இழுத்துக்கொள்வதற்குள் கடைக்காரர் பையில் போட்டு முடிச்சும் போட்டுவிட்டார்.

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் நைட்ரோ எஞ்சினுக்கு ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. புது எஞ்சினை உடனே விரட்டக்கூடாது. முதல் சில டேங்க் எரிபொருளை மெதுவாக எரித்து, உள்ளே இருக்கிற இரும்பை இரும்போடு பழகவிடவேண்டும். இதற்குப் பதம் பார்ப்பது என்று பெயர். இதிலும் இரண்டு கட்சி. வண்டியைப் பலகைமேல் தூக்கிவைத்து, சக்கரம் காற்றில் சுற்ற, நின்ற இடத்திலேயே எஞ்சினை உறுமவிடவேண்டும் என்பது சும்மா ஓட்டுகிறவர்களின் வழி. தரையில் இறக்கி, கொஞ்சம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டவேண்டும் என்பது பந்தயக்காரர்களின் வழி. எது வேண்டும் உங்களுக்கு? கண்ணாடிக்காரருக்கு இரண்டும் வேண்டும். முதலில் நின்ற இடத்தில் பதம் பார்த்து முடிப்பது, அது பூரணமாக முடிந்தபிறகு தரையில் இறக்குவது என்று தீர்மானித்தார். அவர் வாழ்க்கையில் தானாகவே எடுத்த முதல் தீர்மானம் அது.

பூரணம் எப்போது வரும்? அதுதான் தெரியவில்லை. மாடியில் பலகைமேல் வண்டி நின்றுகொண்டு காலையிலும் சாயங்காலமும் உறுமியது. ஒரு டேங்க் முடிந்ததும் சத்தம் இன்னும் கரகரப்பாக இருப்பதாகத் தோன்றும். இன்னொரு டேங்க் ஊற்றுவார். அது முடிந்ததும் நேற்றைய சத்தமே தேவலை என்று தோன்றும், இன்னொன்று. நீலப் புகை நாலு வீடு தாண்டிப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் சண்டைக்கு வருகிறார் என்று பயந்தபடி கதவைத் திறந்தால், வந்தவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் மருந்து அடிக்க ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் கொசுவே இல்லை என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பந்தய நாள் வந்தது. எல்லார் மேசையிலும் அடிபட்டு, கீறல் விழுந்து, நாடா போட்டு ஒட்டின வண்டிகள். இவர் மேசையில் மட்டும், பலகைமேல், புதுப்பெண்போல் ஒரு வண்டி. டயரில் அச்சிலிருந்து வந்த ரப்பர் முடிகூட உதிரவில்லை. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வரிசைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு டேங்க், பதம் வந்துவிடும்போல் இருக்கிறது என்றார் இவர். பந்தயம் ஆரம்பமாயிற்று. புழுதி பறந்தது, வண்டிகள் மோதின, மச்சினன் வண்டி இரண்டு தடவை கவிழ்ந்து மூன்றாவதாக வந்துகொண்டிருந்தது. இவர் குனிந்து காதை எஞ்சினோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. வந்துவிட்டது. பூரணம் வந்துவிட்டது. வண்டியை இரண்டு கையாலும் பலகையிலிருந்து தூக்கினார். நடந்து போய்க் கோட்டுக்கு முன்னால் குனிந்தார். சக்கரம் தரையைத் தொடுவதற்கு நாலு விரற்கடை இருக்கும்போது எஞ்சின் ஓர் இருமல் இருமி நின்றது.

என்ன செய்தும் திரும்பக் கிளம்பவில்லை. வண்டி விற்ற கடைக்காரரும் அன்றைக்கு வந்திருந்தார். எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தார். புது எஞ்சின் விரலுக்கு அடங்காமல் முரண்டு பிடிக்கும். இது வெண்ணெய்போல் சுற்றியது. அவர் சக்கரத்தைப் பார்த்தார். டயரின் ரப்பர் முடியைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சார், எஞ்சின் தேஞ்சு போச்சு. வயசாயிடுச்சு. ஆனா வண்டி இன்னும் தரையே பாக்கலை."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர்கள்கூட எதற்கோ தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு ஜென்மம் முழுவதையும் தயாராவதிலேயே கழித்துவிட்ட ஒரு ஜீவன் அங்கே மேசைமேல் கிடந்தது. பார்த்தவர்களுக்கு ஏனோ தங்கள் வீட்டு ஞாபகமெல்லாம் வந்தது. கண்ணாடிக்காரர் மச்சினனோடு கட்டின பந்தயத்தின் நிபந்தனைப்படி வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதற்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்போதுதான் புதிதாக ஓர் ஆள் மைதானத்துக்குள் வந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நேராக இவர் மேசைக்கு வந்து, புத்தம்புது வண்டியைப் பார்த்து மயங்கி, "சார், சும்மா ஓட்டறதுக்கும் ஆகணும், பந்தயத்துக்கும் ஆகணும். எது வாங்கலாம்?" என்று கேட்டார்.

கண்ணாடிக்காரரின் முகம் சிவந்தது. பிறகு நீலம் பாய்ந்தது. உதடு துடித்தது, கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. மனைவி பயந்துபோய்த் தம்பியைப் பார்த்தாள். அந்தச் சூடு அளக்கும் துப்பாக்கியை யாரோ எடுத்து அவர் நெற்றியில் காட்டிப் பார்த்தார்கள். எண்ணைப் பார்த்த மச்சினன் ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

"மாமா, சொல்லிடுங்க மாமா. பந்தயமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எங்க அக்கா பாவம்."

சொன்னார். பரிசு கொடுத்து முடித்து, மேசைகளை மடக்கி, மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்து எல்லாரும் போனபிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவரும் அலுக்காமல் கேட்டார். இருவரும் இப்போது நெருங்கிய சிநேகிதர்கள். அந்த ஆளும் இன்றுவரை வண்டி வாங்கவில்லை.

அதெல்லாம் இருக்கட்டும், கண்ணாடிக்காரர் கை எந்தப் பெட்டிமேல் பட்டது, டிரக்கா, பக்கியா என்று நீங்கள் ரொம்ப நேரமாக மனசுக்குள் குடைந்துகொண்டிருக்கிறீர்கள், இல்லையா? சொல்கிறேன், அதற்கென்ன. ஆனால் சொன்னால் நாளைக்கே போய் அதை வாங்கிவிடுவீர்களா? மாட்டீர்கள். எதற்கும் இன்னொருவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்பீர்கள்.