மேயர் அண்ணாச்சியின் காணாமல் போன ஊர்

மும்பைக்கு எத்தனையோ மேயர்கள் வந்து போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட எனக்கு ஏரியைப் பார்த்த மாதிரி நாலு பெட்ரூம் வீடு கட்டித் தந்ததில்லை. தந்தவர் ஒரே ஒருவர்தான். தாராவியில் எங்கள் தெருவில், தோல்பை தைப்பவர்களுக்கு ஜிப்பும் பக்கிளும் விற்கிற மேயர் அண்ணாச்சி. ஓட்டு வாங்காமல், வரி வாங்காமல், லஞ்சம் வாங்காமல் மேயராக இருந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவர் வாங்கியதெல்லாம் வசவு மட்டும்தான்.

நான் அந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில், ஆபீஸ் பையின் ஜிப் பிய்ந்துவிட்டதென்று அவர் கடைக்குப் போனேன். மனிதர் பையைப் பார்க்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிக்கு எத்தன பிள்ளைய?"

"ஒரு பொண்ணு அண்ணாச்சி."

"அப்பா அம்மா கூட இருக்காவளா?"

"ஊர்ல இருக்காங்க. வந்து போவாங்க."

"அப்பம் நாலு பெட்ரூம் வேணும். வாசல் கெழக்க பாக்கணுமா, வடக்க பாக்கணுமா?"

ஜிப் விற்கிற கையோடு வீட்டு புரோக்கர் வேலையும் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சும்மா கேட்டு வைப்போமே என்று "வடக்கு" என்றேன். கொஞ்ச நாள் கழித்து நடுத்தெருவில் என்னை மறித்தார். "வீடு ரெடியாயிட்டு தம்பி. வீட்ல உள்ளவியளயும் கூட்டிட்டு வாங்க." என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். மகளுக்கு ரெட்டை ஜடை. விலையை எப்படிக் குறைத்துக் கேட்பது என்று நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

அவரோ எங்களைத் தன் கடைக்கு மேலிருந்த அறைக்கு இரும்பு ஏணியில் ஏற்றினார். பட்டுப்புடவையோடு அந்த ஏணியில் ஏறியதை என் மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. மேலே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதைப் போட்டு, மவுஸ் எலியை இப்படியும் அப்படியும் நகர்த்தி, திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தார். சிவப்புக் கூரை போட்ட ஒரு வீடு. முன்னால் ஏரி. ஏரியில் இரண்டு வாத்து. வீட்டின் தலைக்கு மேல் என் பெயர்.

"இந்தா, இதான் உங்க வீடு. காத்து பிச்சிக்கிட்டுப் போவும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு, "கிச்சன் எந்தப் பக்கம் அண்ணாச்சி?" என்றாள். அத்தோடு எங்கள் குடும்பமும் அந்த ஊரின் குடும்பமாகிவிட்டது.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் ஊர் கட்டுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. ரோடு போடலாம், குழாய் பதிக்கலாம், கரண்ட் இழுக்கலாம், வீடு கட்டி அதற்குப் பெயரும் வைக்கலாம். மற்றவர்கள் அதில் வானத்தைத் தொடும் கட்டடங்களாகக் கட்டித் தள்ளுவார்கள். அண்ணாச்சி எங்கள் தெருவைக் கட்டினார். குடும்பம் முழுக்க ஒரே அறையில் கால் நீட்டிப் படுக்க முறை வைக்கிற எங்கள் ஜனங்களுக்கு, ஆளுக்கொரு தோட்டம் வைத்த வீடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குறை கேட்பார். ஏணியில் வரிசை நிற்கும். "எங்க வீட்டு வாசல்ல எதுக்கு குப்பைக் கெடங்கு வச்சிருக்கிய? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் அக்கா சண்டை பிடிப்பார். அண்ணாச்சி கிடங்கைத் தூக்கி ஊருக்கு வெளியே வைப்பார். நிஜத் தெருவில் அக்காவின் வாசலில் கிடந்த குப்பையைப் பற்றி யாரும் யாரிடமும் முறையிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. கேட்டு ஆகப்போவது என்ன?

ஒரு தடவை ஆட்டத்தில் தீப்பிடித்து, பை தைக்கும் இசக்கியின் வீடு எரிந்துவிட்டது. இசக்கி அன்றைக்கு மெஷினில் உட்காரவில்லை. முகம் செத்துப்போய் வாசலில் இருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அவன் மனைவிக்கு யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். நானும் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். என்ன சொல்லி ஆறுதல் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் குர்லாவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் பெட்டி. முன்பு யாரோ மேத்தா என்பவரிடம் இருந்தது. திறந்ததும் 'நல்வரவு, மேத்தா' என்றுதான் வரும். பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்றால் அண்ணாச்சி கேட்க மாட்டார். தினமும் திரையைப் பார்த்துக் கையெடுத்து, "வணக்கம் சேட்டு" என்று பதில் மரியாதை செய்துவிட்டுத்தான் உட்காருவார்.

நான் செம்பூரில் ஃபிளாட் பார்த்து, வீடு மாறுவதற்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்த சமயம். ஒருநாள் காலையில் அண்ணாச்சி மூச்சு வாங்க வந்து என் வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஊரு போயிட்டு தம்பி."

"எந்த ஊரு?"

"நம்ம ஊரு. மொத்தமும் போயிட்டு. ஒரு தெருவிளக்குகூட இல்ல."

என்னிடம் வந்ததற்குக் காரணம், நான் குர்லாவில் ஒரு லாரி ஆபீசில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுவதுதான். அதனால் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று தெருவே நம்பியது. பஸ்ஸில் போகிறவனுக்கு பஸ் ஓட்டத் தெரியும் என்று நம்புவது மாதிரி.

ஏணியில் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஆட்டம் நன்றாகத் திறந்தது. இசையும் வந்தது. ஆனால், பழைய ஊரின் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. 'புதிய நகரத்தைத் தொடங்கு' என்று மட்டும் கேட்டது. குப்பைத் தொட்டியைத் திறந்தேன், காலி. பெட்டியை அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். இதற்கு மேல் எனக்குத் தெரிந்த வைத்தியம் கிடையாது.

"சேமிக்கும்போது என்ன பேர் குடுத்தீங்க அண்ணாச்சி? பேர் தெரிஞ்சா தேடலாம்."

"பேரு எதுக்கு? அதுவா எதையாம் போட்டுக்கிடும்."

பெயர் தெரியாத ஒன்றை எங்கே போய்த் தேடுவது? யூடியூபில் ஒருவர் ஹிந்தியில் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். டாக்குமெண்ட்ஸ் என்ற இடத்துக்குப் போ, ஆட்டத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் எல்லாம் இருக்கும் என்றார். போனேன். ஃபோல்டர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பழைய பதிப்பை மீட்டெடு என்றார். மீட்டெடுக்கப் பழைய பதிப்பே இல்லை என்றது பெட்டி. மறைந்திருப்பவற்றைக் காட்டு என்றார். காட்டியதும் எங்கிருந்தோ ஏகப்பட்ட ஃபோல்டர்கள் மங்கலாக வந்து நின்றன. எது என்ன என்று எனக்கும் தெரியவில்லை, அவற்றுக்கும் தெரிந்திருக்காது. கடைசியில் பெட்டியையே போன வாரத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிறேன் என்று எதையோ அழுத்தினேன். ஊர் வரவில்லை, பிரிண்டர் போய்விட்டது.

திரையின் மூலையில் 'மேத்தா' என்று ஒரு ஃபோல்டர் தெரிந்தது. எலியை அங்கே கொண்டுபோனேன். அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதத் தொடாதீய. அது சேட்டுக்க சாமான்."

"இது எப்ப வந்துச்சு?"

அப்போதுதான் விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னார். முந்தின நாள் மொபைல் ரிப்பேர் கடைக்காரரிடம் வழி கேட்டுவந்து, 'மேயர்' என்று புதுப்பெயரில் ஒரு அக்கவுண்ட் உண்டாக்கி, பாஸ்வேர்டு போட்டிருக்கிறார். மேத்தா பெயரில் யார் வேண்டுமானாலும் நுழையலாமே என்று அந்தப் பழைய அக்கவுண்டை எடுத்தும் விட்டார்.

"எடுக்கப் போவும்போது, சேட்டு சாமான வச்சுக்கிடவா, அழிச்சிரவான்னு பெட்டி கேட்டுது. வையின்னுட்டேன். அடுத்தவன் சாமான நாம அழிக்கலாமா தம்பி? கல்யாண போட்டோ கிட்டோ கெடக்கும்."

"இத்தனை வருஷம் திறந்து கிடந்த பெட்டிக்கு இப்ப எதுக்கு அண்ணாச்சி பூட்டு?"

அண்ணாச்சி சட்டைப் பையில் எதையோ தேடினார்.

"சும்மா இருந்த ஊரைக் கெடுத்தது நீங்கதான்" என்று கத்திவிட்டு இறங்கினேன்.

அதற்குள் தெருவுக்கே சேதி பரவிவிட்டது. கீழே ஒரு கூட்டம். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பெட்டியை வெயிலில் வைக்கச் சொன்னார் ஒருவர். எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார் இன்னொருவர். இசக்கி மட்டும் உற்சாகமாக இருந்தான். "போனா போட்டும் அண்ணாச்சி. புதுசா கட்டிருவோம். பிளாட்ட எல்லாம் புதுசா பிரிப்போம். செம்பூருக்குப் போறவங்களுக்கு இனி என்னத்துக்கு?" என்றான்.

அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டார். அடுத்தடுத்த நாட்களிலும் திறக்கவில்லை. ஜிப் கேட்டு வந்தவர்களிடம், "உங்க வீட்டையெல்லாம் தொலச்சிட்டேனே" என்றாராம். சாப்பாடும் இறங்கவில்லை என்று அவர் மனைவி செல்வக்கனி அக்கா என்னிடம் வந்து அழுதார். மறுபடியும் ஏணி ஏறினேன். கூடவே தங்கபுஷ்பம் அக்காவும் ஏறிவந்தார். எனக்கு உதவி செய்ய அல்ல, மேலே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியைத் திட்ட.

"அந்த மூலையில கெடக்கது என்ன?" என்றார் அக்கா.

"அது மேத்தா சேட்டு பேருல உள்ளது."

"பேருல என்ன இருக்கு? எங்க ரூமுக்கு லைட் பில்லு இன்னைக்கும் பாட்டீல் பேருலதான் வருது. அந்த மனுசன் செத்து எத்தன வருசமாச்சு. அதுக்காவ நாங்க என்ன பாட்டீலுக்க வீட்லயா குடியிருக்கோம்? நீரு இத்தன வருசமும் அந்தச் சேட்டு பேருலதான உள்ள போனீரு? ஊரும் அவன் பேருலதான் கெடக்கும்!"

நானும் அண்ணாச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஊரை எழுப்பிய காலமெல்லாம் அவர் மேத்தாவாகத்தான் உள்ளே போயிருக்கிறார். அப்படியானால் எங்கள் மொத்த ஊரும் மேத்தாவின் சொத்து.

"திறங்க அண்ணாச்சி" என்றேன்.

"அவரக் கேக்காமலா?"

கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன், மனிதர் மசியவில்லை. கடைசியில் குர்லாவில் பெட்டி விற்ற ஆளைப் பிடித்து, மேத்தாவின் நம்பரை வாங்கினோம். ஏணி முழுக்க ஆட்கள் நிற்க, அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

"சேட், ஆப்கா கம்ப்யூட்டர் மேரே பாஸ் ஹை. கோல்னே கா பர்மிஷன் சாஹியே."

உங்கள் கம்ப்யூட்டர் என்னிடம் இருக்கிறது, திறக்க அனுமதி வேண்டும் என்று முன்பின் தெரியாதவன் போனில் கேட்டால் எந்த மனிதன் சும்மா இருப்பான்? "ஓடிபி நஹி தூங்கா!" என்று ஒரு கத்தல், ஓடிபி தரமாட்டாராம். போன் கட்டாகிவிட்டது. நான் மறுபடி போட்டு, ஆபீஸ் தோரணையில் "ஸார்" போட்டுப் பேசிப் பார்த்தேன். என்னையும் போலீசில் பிடித்துக் கொடுப்பதாகச் சொன்னார்.

செல்வக்கனி அக்கா போனைப் பிடுங்கினார். "பாயி! ஹமாரா கர் ஆப்கே நாம் பே ஹை!"

எங்கள் வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. பிறகு, குரலில் தேன் ஒழுக ஒரு கேள்வி: "கர்? கித்னா ஸ்கொயர் ஃபீட்?" வீடா, எத்தனை சதுர அடி?

மும்பைக்காரனை வழிக்குக் கொண்டுவர வேறு சொல் வேண்டாம். அதன்பிறகு விளக்கிச் சொல்ல வெகுநேரம் பிடித்தது. அவருக்குப் புரிந்ததா என்பது இன்றும் எனக்குச் சந்தேகம்தான். "கோலோ பாபா, சப் கோலோ. ஃபோன் மத் கர்னா" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு வைத்தார். எல்லாவற்றையும் திறந்துகொள்ளுங்கள், எனக்குப் போன் மட்டும் பண்ணாதீர்கள்.

திறந்தோம். கல்யாண போட்டோ ஒன்றுகூட இல்லை. ஆட்டத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதை அப்படியே தூக்கிப் புதிய டாக்குமெண்ட்ஸில் வைத்து ஆட்டத்தைப் போட்டேன். ரோடு வந்தது. தெருவிளக்கு வந்தது. இசக்கியின் வீடு வந்தது. ஏணியில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். ஆளாளுக்கு உள்ளே புகுந்து தங்கள் வீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணாச்சி அன்றைக்கே பார்க் ஓரமாக மேத்தாவுக்கு ஒரு பங்களா கட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை. "சொல்லுங்க அண்ணாச்சி, எதுக்குப் பூட்டு போட்டீங்க?"

அவர் ஜிப்களை அடுக்கப் போய்விட்டார். செல்வக்கனி அக்காதான் சொன்னார்.

"நீங்க செம்பூருக்குப் போறியல்லா. அந்த ஏரிக்கர வீடு சும்மாதான கெடக்கும், இடிச்சிட்டு எனக்குக் குடுன்னு இசக்கி ஒரே ரகள. இவிய மாட்டேன்னுட்டாவ. கடையில இருக்கும்போது மேல ஏறி இடிச்சிருவானோன்னுதான் ராத்திரியெல்லாம் ஒறங்காம, மறுநாளே பூட்டு போட்டாவ."

"நான்தான் போறேனே அண்ணாச்சி. அந்த வீடு எனக்கு எதுக்கு?" என்றேன்.

அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "போறவிய திரும்ப வரமாட்டியளா? வந்தா எங்க தங்குவிய?" என்றார்.

இந்த மும்பையில் எனக்காக ரயிலில் ஒரு சீட் பிடித்து வைத்தவர்கூட கிடையாது. செம்பூருக்கு வந்தபின்னும் மாதத்துக்கு ஒரு தடவையாவது தாராவிக்குப் போய் அந்த ஏணியில் ஏறிவிடுகிறேன். வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் மனைவியிடம் சொல்வது. நான் பார்க்கப் போவது அவரைத்தான்.