மீன்தலைப் பாத்திரமும் ஸ்ட்ரோபெரி பிஸ்கட்டும்

ஒஸ்லோ,
ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம்.

பெருமதிப்புக்குரிய அத்தான் பாலேந்திரன் அவர்களுக்கு,

இராஜதுரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் ஹம்மர்பெஸ்டில் சுகமாக இருப்பீர்கள் என்றும், உங்கள் முழங்கால் இந்தக் கோடையிலாவது சொன்ன சொல் கேட்கிறது என்றும் நம்புகிறேன். நான் இன்று சுகம். போன கிழமை முழுவதும் சுகமில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆளுக்கொரு கைத்தொலைபேசி இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். உங்கள் தொலைபேசி எப்போதும் ஸ்பீக்கரில் கிடக்கும். நான் சொல்வது அக்காவின் காதில் விழும், அக்காவின் காதில் விழுந்தது தேத்தண்ணி ஆறுமுன் ஸ்தவாங்கரில் என் மனைவி மனோன்மணியின் காதில் விழும். ஆகவே இதை நீங்கள் மட்டும் வாசியுங்கள்.

மகள் துசாந்தினிக்குப் பெண்பிள்ளை பிறந்ததும் மனோன்மணி உதவிக்கு ஸ்தவாங்கர் போனதும் உங்களுக்குத் தெரியும். போகும்போது அவள் எனக்கு இரண்டு கட்டளை போட்டுவிட்டுப் போனாள். ஒன்று, குசினியில் தேவையில்லாமல் கை வைக்கக் கூடாது. மற்றது, பேத்தியின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்கை எங்கள் கட்டடத்துப் பொது மண்டபத்தில்தான் வைப்பது, அதன் பூட்டுக்குரிய திறப்பை அவள் வருவதற்குள் நான் வாங்கி வைத்திருக்க வேண்டும். சொன்ன கையோடு ஊரையெல்லாம் அழைத்தும் விட்டாள். அத்தான், திறப்பு யாரிடம் இருக்கிறது தெரியுமா, கீழ் வீட்டு றொனால்டிடம். அவர்தான் கட்டட நிர்வாகசபைத் தலைவர். இரண்டு வருடத்துக்கு முன் மனோன்மணியின் அறுபதாவது பிறந்தநாளை அதே மண்டபத்தில் வைத்து, ரோல்ஸ் பொரித்த புகையில் நெருப்பு எச்சரிக்கை மணி அடித்து, கட்டடத்துச் சனம் முழுவதும் படுக்கை உடுப்போடு பனிக்குள் நின்ற கதையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்களும் தட்டில் ரோல்ஸோடு நின்றீர்கள். அதற்குப் பிறகு நான் ஒரு கிழமை வெளியில் தலைகாட்டவில்லை. மனோன்மணிதான் கீழே போய் ஏதோ சொல்லிச் சமாளித்தாள், என்ன சொன்னாள் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து றொனால்ட் என்னைப் படியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய்த் திறப்பைத் தா என்று எந்த வாயால் கேட்பது.

இப்படி நான் தவித்துக்கொண்டிருக்கும்போது போன ஞாயிறு வாசல் மணி அடித்தது. திறந்தால் றொனால்ட். முகம் சிவந்திருக்கிறது, இரண்டு கையிலும் ஒரு பெரிய பாத்திரம், அது நிறைய ஸ்ட்ரோபெரி, மலைப்பக்கம் இருக்கிற தன்னுடைய விடுமுறை வீட்டில் தானே பிடுங்கியதாம். கொடுத்துவிட்டு ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்கினார். பழைய ரோல்ஸ் கதையை எடுக்கப் போகிறார் என்று பயந்து, நன்றி நன்றி என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். பழம் தேன்தான் அத்தான். அன்று பின்னேரமே முடித்துவிட்டேன். முடித்த பிறகுதான் சனி பிடித்தது. பழம் வயிற்றுக்குள் போய்விட்டது, பாத்திரம் மேசையில் நிற்கிறது. அயலார் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் பரம்பரையில் உண்டா. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்போம். நோர்வேக்காரரிடம் ஒரு பிடி சீனியைக் கொண்டுபோய் நீட்டினால் என் மூளையைப் பற்றி அவர் என்ன நினைப்பார். கடைப் பிஸ்கட் வாங்கிப் போடலாம், ஆனால் தோட்டத்துப் பழம் தந்தவருக்குக் கடைச் சாமான் கொடுப்பது மரியாதையில்லை. பாத்திரத்தையும் வைத்துக்கொண்டு திறப்பையும் கேட்பது அதைவிட மரியாதையில்லை.

அந்தப் பாத்திரத்தையும் நான் சொல்ல வேண்டும். பச்சைக் கண்ணாடி, அம்மிக்கல் பாரம், இரண்டு பக்கமும் பிடிக்க வாயைப் பிளந்த மீன்தலை இரண்டு. இப்படி ஒரு அவலட்சணத்தை யார் காசு கொடுத்து வாங்கினார்களோ தெரியாது. வெள்ளைக்காரருடைய ரசனையே தனி. நான் சோறு சாப்பிட இருந்தால் அந்த மீன் இரண்டும் என்னையே பார்க்கும். வெளியில் போனால் றொனால்ட் என் கையைப் பார்ப்பார். ஒருநாள் படியில் நிறுத்தி, பழம் எப்படி இருந்தது என்று கேட்டார். பாத்திரம் எங்கே என்று நேரே கேட்கக் கூச்சப்பட்டுச் சுற்றி வளைக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன், அவருடைய ஸ்ட்ரோபெரிக்கு ஸ்ட்ரோபெரி வைத்த பிஸ்கட்டாலேயே பதில் சொல்வது என்று.

செய்முறையைச் சென்னைப் பக்கத்து அம்மா ஒருவர் வீடியோவில் சொல்லித் தந்தார். மைதா மாவு எடுங்க என்றார். நாங்கள் கோதுமை மா என்பதைத்தான் அவர்கள் மைதா என்பார்கள் என்று குறொன்லாண்ட் பக்கத்து இந்தியக் கடைகளில் அடிபட்டுத் தெரிந்து வைத்திருந்தபடியால் அதில் நான் ஏமாறவில்லை. அலுமாரியில் மனோன்மணியின் மா டின் இருந்தது. வெண்ணெய், சீனி எல்லாம் சரி, முட்டை போடு என்றார், நல்லூரில் கொடியேறிவிட்டது, விரத நாளில் முட்டைக்கு எங்கே போக, தயிரை ஊற்றினேன். அவணை முன்னாலேயே சூடாக்கி வையுங்க என்றார், வைத்தேன். அத்தான், எங்கள் வீட்டில் அவண் என்பது தாச்சியும் தட்டும் அடுக்குகிற அலுமாரி. இருபது வருடமாக அதற்குள் யாரும் எதையும் சுட்டதில்லை. மனோன்மணியின் பிளாஸ்டிக் சல்லடையும் அதற்குள்தான் இருந்தது என்பது மணம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஓடிப்போய்த் திறந்தால் கறுப்புப் புகை. மேலே பார்த்தேன், அந்த எச்சரிக்கை மணி சிவப்புக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அது அடித்தால் றொனால்ட் ஏறி வருவார், வந்தால் திறப்புமில்லை ஒன்றுமில்லை. உடுத்திருந்த சாரத்தை உருவி, நாற்காலியில் ஏறி நின்று, அந்த மணிக்கு விசுக்கினேன் விசுக்கினேன், கோயில் கவரி வீசுகிற ஐயர் கூட அப்படி வீசியிருக்க மாட்டார். மணி அடிக்கவில்லை. எதிர்க்கட்டடத்துச் சனம் ஜன்னலால் என்ன பார்த்தது என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

புகை அடங்கியதும் கடையில் வாங்கி வைத்திருந்த ஸ்ட்ரோபெரிப் பழத்தை மேலே வைத்து முதல் தட்டைச் சுட்டேன். பழம் தண்ணீர் விட்டு, தட்டு முழுவதும் சிவப்புக் குளம். பழம் இல்லாமல் அடுத்த தட்டைச் சுட்டேன், அது தொட்டதும் உதிர்ந்தது. வெண்ணெயைக் கூட்டிப் பிசைந்தேன், அது தொடாமலே உதிர்ந்தது. அந்த அம்மா வீடியோவில் சிரித்துக்கொண்டே இருக்கிறார், எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அலுத்துப்போய், பசிக்குப் புட்டாவது அவிப்போம் என்று அதே மாவில் வெந்நீர் தெளித்துக் குழைத்தேன். என்ன சொல்ல, பூப்போலப் புட்டு. வாயில் வைத்த பிறகுதான் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. நான் பட்டினி கிடக்கக் கூடாதென்று மனோன்மணி அவித்து அரித்து நிரப்பிவிட்டுப் போன மா அது. அவித்த மா புட்டுக்குப் பூப்போல உதிரும், பிஸ்கட்டுக்கு ஒட்டிப் பிடிக்காது. அவிச்ச மாவில் பிஸ்கட் சுட்ட முதல் மனிசன் ஒஸ்லோவிலை நான்தான். அவளுடைய அக்கறையை நினைத்துக் கண்ணும் கொஞ்சம் கலங்கியது, அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அடுத்த நாள் கடைக்குப் போய்ப் புது மா வாங்கி, புது ஸ்ட்ரோபெரியும் புளூபெரியும் வாங்கி வந்தேன். இந்தமுறை பிஸ்கட்டை வெறுமையாகச் சுட்டு ஆறவிட்டேன். ஆறியதும் மேலே கட்டிப் பாலாடை ஒரு கரண்டி, அதன்மேல் ஸ்ட்ரோபெரி பாதி, பக்கத்தில் இரண்டு புளூபெரி. கரையில் கொஞ்சம் கருகல்தான், ஆனால் கையில் எடுத்தால் கையில் நின்றது. அந்த மீன்தலைக்குள் அடுக்கிக்கொண்டு கீழே போனேன். றொனால்ட் கதவைத் திறந்தார். பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகும் பாத்திரத்தைப் பார்த்தார்.

"திரும்பவுமா?" என்று கேட்டார்.

"ஓம், இன்னும் வேணுமெண்டாலும் செய்து தருவன்" என்கிற பொருளில் எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். மனிதர் ஒரு பெருமூச்சு விட்டு, உள்ளே வா என்றார். கோப்பி தந்தார். நான்கு பிஸ்கட் சாப்பிட்டார், ஐந்தாவதையும் எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு திறப்பைக் கேட்டேன். அவர் எழும்பிப் போய்ச் சுவரில் கிடந்த திறப்பைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டார், அத்தான். எண்ணெய்ச் சட்டி மட்டும் வேண்டாம் என்றார், பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார், தானும் வரலாமோ என்று கேட்டார். கோபக்காரர் என்று இரண்டு வருடம் பயந்தேனே, தங்கமான மனிதர். பாத்திரமும் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, நெஞ்சிலிருந்து அந்தக் கண்ணாடிப் பாரமும் இறங்கிவிட்டது. நேற்று இந்தக் கோடை வெயில் மறையுமுன்பே படுத்து நன்றாக நித்திரை கொண்டேன்.

துடக்குக் கழிவுக்கு நீங்களும் அக்காவும் கட்டாயம் வர வேண்டும். சிறியவளுக்கு உங்கள் ஆசீர்வாதமும், உங்கள் முழங்காலுக்கு நல்லூரானின் கருணையும் கிடைக்கட்டும். அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், வேறு எதையும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மைத்துனன்
இராஜதுரை

பி.கு.: கடித உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். மனோன்மணி இப்போதுதான் ஸ்தவாங்கரிலிருந்து தொலைபேசி எடுத்தாள். திறப்பு கிடைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன் அவள், "இஞ்சேருங்கோ, றொனால்ட் எங்கடை மீன்தலைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து தந்திட்டாரோ?" என்று கேட்டாள். எங்கடையோ என்றேன். அந்த ரோல்ஸ் புகைக்கு மன்னிப்புக் கேட்க அவள் அதில்தான் பாயசம் கொண்டுபோனாளாம். "வெறுமையாத் திருப்பித் தாறது எங்கடை முறையில்லை எண்டு பகிடிக்குச் சொன்னனான். பாவம் மனுசன், என்னத்தைப் போட்டுத் தாறதெண்டு தெரியாமல் ரெண்டு வருசமா எங்களுக்கு முகம் குடுக்காமல் திரிஞ்சது" என்றாள். அதோடு விட்டாளா, நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அக்கா ஹம்மர்பெஸ்டில் தெரிந்தெடுத்து வாங்கி, மடியில் வைத்துக் கொண்டுவந்து தந்த பாத்திரமாம், பெட்டியோடே அலுமாரிக்கு மேலே கிடந்ததால் என் கண்ணில்தான் படவில்லையாம், துடக்குக் கழிவுக்கு அக்கா வரும்போது மேசையில் நடுவில் இருக்க வேண்டுமாம். ஆகவே அத்தான், மேலே பாத்திரத்தைப் பற்றி எழுதிய வரிகளை மையால் அடித்துவிடுங்கள், எனக்குத் திரும்ப எழுதக் கை வராது. மண்டபத் திறப்பு என் சட்டைப்பையில் பத்திரம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பாத்திரத்தை எப்படியாவது கேட்டு வாங்கலாம் என்று சற்றுமுன் கீழே இறங்கினேன். படியில் றொனால்ட் ஏறி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.