இரண்டு ஜோடி பிரேக்

இந்தக் கதையை அத்தான் வாயால் பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் சிரிப்பேன். ஒரு முறையும் முழுசாக நம்பியதில்லை. எங்கே இடிக்கிறது என்று பிடிபடாமல், எனக்குத்தான் சந்தேகப் புத்தியோ என்று என்னையே கேட்டுக்கொண்டதும் உண்டு.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆள் நெட்டை. அக்கா அவர் தோளுக்குக் கீழேயே நின்றுவிடுவாள். அவர் ஆசை ஆசையாக வாங்கிய சைக்கிளுக்கு ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். அதை வேறு யாரும் தொடக்கூடாது.

“உங்க கடை பக்கத்துத் தெருதானே. லைப்ரரிக்கு நடந்து நடந்து என் கால்தான் தேயுது. சைக்கிளை நான் எடுத்துக்கறேனே” என்றாள் அக்கா.

“தாராளமா எடுத்துக்கோ. பிரேக் எட்டணுமே.”

அக்கா எந்த சைக்கிளிலும் நிமிர்ந்து உட்கார்ந்து ஹேண்டிலின் மேல்பக்கத்தைப் பிடிப்பவள். பிரேக் பிடிகளோ வளைவில் இருந்தன. அது போதாதென்று அன்று மாலையே அவற்றை இன்னும் கீழே தள்ளி முடுக்கிவைத்தார் அத்தான். இனி அவளுக்கு ஜென்மத்துக்கும் எட்டாது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஆனால் அந்த பிரேக்குக்கு அவரும் அல்லவா குனிய வேண்டும்? ஒரே வாரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. கடையில் யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பினார்.

அக்கா தைலம் தேய்த்துவிட்டாள்.

“மேல பிடிச்சாலும் பிரேக் கைக்கு வந்தா இந்தப் பாடு இல்ல.”

“ஒரு வண்டிக்கு ரெண்டு ஜோடி பிரேக்கா? பார்க்கிறவன் சிரிப்பான்.”

“ஒரே கண்ணாடியில கிட்டத்துக்கு ஒண்ணு, தூரத்துக்கு ஒண்ணுன்னு நீங்க விக்கலையா? யாரு சிரிச்சா?”

தொழிலைத் தொட்டுவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே இன்னொரு ஜோடி பிடிகளோடு சைக்கிள் முன்னால் உட்கார்ந்தார். ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் பிரேக் கம்பி.

“உங்களுக்குத்தான் கை ஒழியலையே. நான் பிடிச்சுக் காட்டறேன், அளவு பாருங்க.”

அக்கா மேலே பிடித்தாள். அத்தான் அவள் விரலுக்குக் கச்சிதமாகப் பிடிகளை நெருக்கி, கம்பியை இழுத்து முடுக்கினார். கண்ணாடிக்காரர் அல்லவா, அளவு பிசகவில்லை.

“பிடிக்குதா?”

“பூ மாதிரி. ஒரு சுத்து போய்ப் பார்த்துட்டு வரேன்.”

ஏறி உட்கார்ந்தாள். கால் சுகமாகத் தரையில் ஊன்றியது. தெருமுனை வரை போய் மணியடித்துக்கொண்டு திரும்பினாள். மறுநாளிலிருந்து அத்தான் கடைக்கு நடக்கிறார். செயினுக்கு எண்ணெய் விடுவது மட்டும் இன்றும் அவர் வேலை.

“பாவம், அவளும் எத்தனை நாள்தான் நடப்பா? நானே மனசு வெச்சு விட்டுக்கொடுத்தேன்” என்று கதையை முடிப்பார்.

போன வாரமும் அப்படித்தான் முடித்தார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிரவில்லை. அந்த நிமிராத தலையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேவிட்டேன்:

“அத்தான், நீங்க பிரேக்கைத்தானே மாத்தினீங்க? ஸீட்டை யாரு இறக்கினது?”