தேக்கு வில்லும் சிறப்பு விருந்தினரும்

இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. ஒரு பொருளின் சூத்திரம் தெரிந்துவிட்டால் அந்தப் பொருளையே செய்துவிடலாம் என்று நம்புவோம். எனக்கு அந்தத் திமிர் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் அன்று நடந்ததற்கெல்லாம் நான் ஒருத்திதான் காரணம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. மயிலாப்பூரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் வகுப்புக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிர்வாகக் குழு கூடி, ‘சரி, இந்தப் பெண்ணை வைத்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து அறிவியல் கண்காட்சி வந்தது.

ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குத் தாங்கள் வைக்கப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் வாயைத் திறந்தேன். (அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.)

“மீட்சின்னா, அதான் எலாஸ்டிசிட்டி, என்னன்னு காட்ட நான் நெஜ வில்லே செய்யப்போறேன். மரத்துல.”

பி.டி. மாஸ்டர் ஸ்டான்லி சார் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்கினார். “எதுக்கு மிஸ் கஷ்டப்படுறீங்க? ஸ்போர்ட்ஸ் ரூம்ல பிளாஸ்டிக் வில்லு ஒண்ணு கெடக்கு. எல்.கே.ஜி. பசங்களோடது. எடுத்துக்கோங்க.”

எல்.கே.ஜி.! முதுகலையில் மீட்சியியலுக்கு மட்டும் தொண்ணூற்றாறு வாங்கியவளைப் பார்த்து எல்.கே.ஜி.! அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இரண்டு ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு ஒப்பேற்றியிருப்பேன். ஆகவே முதல் குற்றவாளி ஸ்டான்லி சார்.

அந்தச் சனிக்கிழமையே மேற்கு மாம்பலத்தில் ஒரு மரக்கடைக்குப் போனேன்.

“இன்னாமா வேணும்?” என்றார் கடைக்காரர்.

“வில்லு செய்ய ஒரு தேக்குப் பலகை. அஞ்சடி நீளம்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வில்லா? தேக்கு கதவுக்கு ஓகே, ஜன்னலுக்கு ஓகே. வில்லுக்கு இன்னாத்துக்கு? மூங்கில் கீது, ஜம்முனு வளையும். அத எடுத்துக்கினு போ.”

“அண்ணே, நான் எம்.எஸ்ஸி. ஃபிசிக்ஸ்.”

“இருக்கட்டும்மா. மரத்துக்கு அது தெரியாதே.”

எனக்குச் சுருக்கென்றது. தேக்குதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். விலை அதிகமான மரம் நல்ல மரம் என்பதுதான் மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். அவர் ஒரு பலகையை உருவி, அதில் கறுப்பாகச் சுழித்திருந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். “இங்க கணு கீது பாரு. வேற தரட்டா?”

“வேணாம், இதுவே அழகா இருக்கு” என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

பலகையை ஆட்டோவில் குறுக்கே வைத்ததும் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, “இன்னா மேடம், ஆட்டோவுக்கு ரெக்க கட்டுறீங்களா?” என்று கேட்டார். சாந்தோமில் எங்கள் வீடு வரும் வரை வழியில் பார்த்த எல்லோரிடமும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டு பால்கனி தச்சுப் பட்டறை ஆனது. இழைப்புளி, அரம், உப்புத்தாள் எல்லாம் வாங்கினேன். வில் செய்வது எப்படி என்று செல்போனில் ஒரு தாடிக்காரரின் வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் சீவினேன். அவர் மரம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. என் மரம் என் கையைச் சீவியது.

“மீன் குழம்புல மரத்தூள் மிதக்குதுடி!” என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினார். “கல்யாணத்துக்கு இருக்குற பொண்ணு கையா இது? பிளாஸ்திரி ஒட்டாத வெரல் ஒண்ணாவது இருக்கா?”

செதுக்குவதைவிடக் கஷ்டம், வில்லின் இரண்டு கைகளையும் ஒரே மாதிரி வளைய வைப்பது. மேல் கை விறைப்பாக இருந்தால் அதைக் கொஞ்சம் சீவ வேண்டும். சீவினேன். இப்போது கீழ் கை விறைப்பாகத் தெரிந்தது. அதைச் சீவினேன். மறுபடி மேல் கை. மீசையின் இரண்டு பக்கத்தையும் சமமாக்குகிறேன் என்று கத்தரித்துக்கொண்டே போய்க் கடைசியில் மீசையே இல்லாமல் நிற்கும் ஆளைப் போல, ஒருவழியாக இரண்டு கைகளும் சமமானபோது என் வில் பாதி உடம்பாகியிருந்தது.

அண்ணன் ராபின் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். “ஏய், இது வில்லா, பல்லு குத்துற குச்சியா?”

“தொடாத. வை.”

நாணுக்கு மொட்டை மாடியில் துணி காயப்போட்டிருந்த புது நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டேன். (அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.) பூட்டி இழுத்தேன். வளைந்தது! நிஜமாகவே வளைந்தது. மெதுவாகத் தளர்த்தியதும் பழைய நிலைக்கு வந்தது. பிளாஸ்திரி ஒட்டிய பத்து விரலோடு பால்கனியில் நின்று நான் அழுதேன் என்று ராபின் சொல்வது பொய். கண்ணில் தூசி விழுந்தது, அவ்வளவுதான்.

கண்காட்சிக்கு முந்தின நாள் பிரின்சிபல் சிஸ்டர் வந்து பார்த்தார். “ரொம்ப நல்லாயிருக்கு மிஸ். ஆனா அம்பு வேணாம்.”

“சிஸ்டர், அம்பில்லாம வில்லு…”

“பசங்க இருக்காங்க, கண்ணுல குத்திடும். அம்பு வேணவே வேணாம்.”

இங்கேதான் பிரச்சினை. அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விட்டால் அந்த ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பும், வில் உடைந்துபோகும். ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்திச் சிவப்புக் கோடு போட்டேன். கோடு வரை இழுக்கலாம், பிறகு நாணைக் கையால் பிடித்தபடியே மெதுவாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். விடவே கூடாது. காலையிலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தரும் விடவில்லை. நாற்பது பேரும் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கீழே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினோரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். கல்வித் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். அதாவது, என்னை வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்யப்போகிறவர்களில் ஒருவர். தும்பைப்பூ வேட்டி, தும்பைப்பூ சட்டை. நான் மீட்சி எல்லையைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவே இல்லை.

“காலேஜ் நாள்ல நான் பளு தூக்குவேன், தெரியுமா?” என்று வில்லைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“சார், கோடு வரைக்கும்தான்…”

இழுத்தார். கோடு வந்தது. அவர் விரல் நழுவப் பார்ப்பதைக் கண்டேன். பதறிப்போய்க் கத்தினேன்.

“விடாதீங்க சார்!”

நாணை விடாதீங்க என்றேன். அவருக்கோ, ‘தோற்றுவிடாதீங்க, இழுங்க’ என்று கேட்டிருக்கிறது. முகம் மலர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சாண் இழுத்தார்.

“ஐயோ, விடாதீங்க சார்! விடாதீங்க!”

பின்னாலிருந்து ஸ்டான்லி சார் கை தட்ட ஆரம்பித்தார். “விடாதீங்க சார்!” பி.டி. மாஸ்டர் தட்டினால் பசங்க சும்மா இருப்பார்களா? ஹால் முழுவதும் ஒரே குரலில், “வி-டா-தீங்க சார்! வி-டா-தீங்க சார்!” அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நாணைக் காது வரை கொண்டுபோனார்.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். நான் அழகு என்று சொல்லி வாங்கிய கணுவில் வில் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி நாணோடு சுழன்று வந்து அவர் நெற்றியில் ‘டக்’ என்று தட்டியது. இன்னொரு பாதி பக்கத்து மேஜைக்குப் பறந்தது.

பக்கத்து மேஜையில் கெமிஸ்ட்ரிக்காரர்களின் எரிமலை. (எரிமலை இல்லாத கண்காட்சியை நான் இதுவரை பார்த்ததில்லை.) களிமண் மலைக்குள் அரைக் கிலோ ஆப்ப சோடா, அருகே ஒரு ஜாடி நிறையச் சிவப்புச் சாயம் கலந்த வினிகர். என் வில்லின் பாதி ஜாடியைத் தட்டிவிட, வினிகர் மொத்தமும் மலை வாய்க்குள் கொட்டியது. சாயங்காலம் பெற்றோர் முன்னால் வெடிக்க வேண்டிய எரிமலை, பதினொன்றே காலுக்கே சிறப்பு விருந்தினர் மேல் பொங்கியது.

நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மார்பிலிருந்து முழங்கால் வரை சிவப்பாக நிற்கும் அவரைப் பார்த்து சிஸ்டர், “ஐயோ, ரத்தம்! ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!” என்று அலறினார். முன்வரிசையில் ஒரு டீச்சர் மயங்கி விழுந்தார். ரத்தத்தில் நுரை வராது என்று நான்தான் எல்லோருக்கும் விளக்கினேன். அந்த நேரத்தில் அதை யாரும் ரசிக்கவில்லை.

நெற்றியில் ஒரு சின்னப் புடைப்பு, அவ்வளவுதான் காயம். சாயங்காலம் சிஸ்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் விடவில்லை.

“சிஸ்டர், மீட்சி எல்லைக்குள்ள இழுத்தா திரும்பி வரும், எல்லையத் தாண்டினா உடையும். பாடத்துல இருக்கறது ரெண்டும் காட்டியாச்சு. கோடு போட்டிருந்தேன், தாண்டினது அவர்.”

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “மிஸ், உங்க எல்லை எதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க.”

நிரந்தரமாவது ஆறு மாசம் தள்ளிப்போனது. கோடு தாண்டியவருக்குப் பொன்னாடை, கோடு போட்டவளுக்குத் தண்டனை. நெற்றிப் புடைப்போடு அவர் அடுத்த கூட்டத்துக்கு வந்து, ‘இன்னும் கொஞ்சம் பக்குவம் வேணும்’ என்று சொன்னாராம். யாருக்கு?

இதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். திங்கட்கிழமையே பசங்க எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் எனக்குச் சம்பந்தம் பேசியபோது, மாப்பிள்ளையின் அம்மா பெண் எப்படி என்று விசாரிக்கத் தானே நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். பெயரைச் சொல்லி வாட்ச்மேனிடம் கேட்டிருக்கிறார்.

“ஓ, அவங்களா? நம்ம வில்லி மிஸ்ஸு!” என்றிருக்கிறார் அவர், சந்தோஷமாக.

வில்லியை மருமகளாக எடுப்பதா என்று அந்த அம்மாள் ஒரு வாரம் தூங்கவில்லையாம். முழுக் கதையும் கேட்ட பிறகுதான் பூ வைக்க வந்தார். இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் ஏலக்காய் டீயோடு அந்தக் கதையும் பரிமாறப்படும். என் கணவரின் செல்போனில் என் பெயர் ‘வில்லி’. என் மகள் தன் ஸ்கூல் டைரியில், அம்மாவின் பெயர் என்ற இடத்தில், ஒருமுறை அதையே எழுதிக்கொண்டு போனாள்.

வில்லைச் செய்தவள் நான், உடைத்தவர் அவர். அவரை இன்றைக்கும் எல்லோரும் ‘ஐயா’ என்கிறார்கள். நான்தான் வில்லியாம்!